முன்னால் போகும் கியர்

வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று என்று மைக்கக்கா சொன்னபோது அவள் கணவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த வீட்டை?” என்றார், வாய் நிறைய நுரையோடு.

“ஊர் முழுக்க நமக்கு வீடு இருக்கு பாருங்க. இந்த வீட்டைத்தான். ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துட்டேன். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு சாமானோட வர்றாங்க.”

அவர் வாய் கொப்பளித்தார். இன்னொரு முறை கொப்பளித்தார். மூன்றாவது முறைதான் விஷயம் உள்ளே இறங்கியது என்பது அவர் முதுகைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது.

“அப்ப நாம?”

“நாம வேன்ல.”

“வேன் ஓடாதே.”

“பத்து நாள் இருக்கு. ஓட வைங்க.”

மைக்கக்கா என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. இருபத்தாறு வருடம் பஸ் நிலையத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று மைக்கில் சொன்னவள். டிரைவர்களும் கண்டக்டர்களும் வைத்த பெயர் அது. நூற்றுச் சொச்சம் ஊர்ப் பெயர்களை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வாள். அவற்றில் நேரில் பார்த்தவை ஐந்து. அந்த ஐந்திலும் இரண்டு, கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தவை. போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அன்றிலிருந்து கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கூடத்திலிருந்து கேட்டுக்கும் கேட்டிலிருந்து கூடத்துக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

அவள் கணவர் அதே பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பணிமனையில் முப்பத்து மூன்று வருடம் கியர்பாக்ஸ் பிரிவில் இருந்தவர். எல்லோருக்கும் அவர் கியர்பாக்ஸ்காரர். பிரித்துப் போட்ட கியர்பாக்ஸைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கோத்துவிடுவார் என்று சொல்வார்கள். ஒருமுறை பந்தயம் கட்டி உண்மையாகவே கண்ணைக் கட்டிக்கொண்டு கோத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட ஆளின் சொந்த வேன், பதினோரு வருடமாக வீட்டுப் பக்கத்து ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை.

வேனை வாங்கியபோது இருவருக்கும் தலைகால் புரியவில்லை. உள்ளேயே படுக்க மெத்தை, சமைக்க அடுப்பு, முகம் கழுவ ஒரு தொட்டி. பழைய வண்டிதான், என்ஜின் பின்னால் இருக்கும் வகை. சின்னச் சின்ன வேலை இருக்கிறது, ஒரு மாதத்தில் கிளம்பிவிடலாம் என்றார் கியர்பாக்ஸ்காரர். தரைத் தகட்டில் துரு என்று முதல் வருடம் போயிற்று. ஜன்னல் ரப்பர் கிடைக்கவில்லை என்று இன்னொன்று. மெத்தையின் கீல் சத்தம் போடுகிறது என்று கீலை மாற்றினார்; மாற்றிய கீல் உயரம் போதவில்லை என்று கட்டிலையே மாற்றினார். தண்ணீர்த் தொட்டியை மூன்று முறை இடம் மாற்றியவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். கடைசியில், வாங்கி ஓட்டி வந்த அன்றே மூன்றாவது கியர் தானாகக் கழன்று விழுந்ததே என்று கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து மூன்று அண்டாக்களில் போட்டார். அது நடந்து நாலு வருடம். அண்டாக்கள் அப்படியே இருந்தன, மேலே பழைய போர்வை மூடி.

அவள் கேட்காமல் இல்லை. கேட்டால், “அவசரப்பட்டா முடியுமா? வழியில நின்னுட்டா நீதான் என்னைத் திட்டுவ” என்பார். அதில் நியாயம் இருப்பது போலவே தோன்றும். இவள் வாயை மூடிக்கொள்வாள்.

இந்த முறை அவள் வாயை மூடவில்லை. வீடு அவள் அப்பா எழுதி வைத்தது, கையெழுத்தும் அவளுடையது. அண்டாவில் கிடப்பதைக் கோப்பதற்கு அவர் இன்னொரு நாலு வருடம் கேட்பார் என்று தெரியும். அதனால் அவளே பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டாள். ஒரு பக்கக் கண்ணாடி விரிசல் விட்ட மூக்குக்கண்ணாடியை வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிபவர். ஓடுகிற நிலையில் இருக்கும் கியர்பாக்ஸ் ஒன்று வேண்டும், வேறு எதுவும் எனக்குத் தெரியாது என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் அவர் அதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஷெட் வாசலில் இறக்கினார்.

கியர்பாக்ஸ்காரர் குனிந்து பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, பொறித்திருந்த எண்ணைப் படித்தார். உள்ளே போகும் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்துக் காதை வைத்துக் கேட்டார். பேரப்பிள்ளையைத் தூக்கிப் பார்ப்பவர் முகம் போல அந்த முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள்.

“நல்ல பெட்டி. ஆனா வேன்ல இருந்து எடுத்தது இல்ல. அதே கம்பெனி கார்ல இருந்து எடுத்தது.”

“உருவம் ஒண்ணுதானே அண்ணே?” என்றார் கடைக்காரர்.

“உருவம் ஒண்ணுதான். உள்ள கொஞ்சம் வேலை இருக்கு.”

“எவ்வளவு நேர வேலை?” என்று கேட்டாள் மைக்கக்கா. இந்தக் ‘கொஞ்சம் வேலை’ என்ற இரண்டு வார்த்தையில்தான் அவளுடைய பதினோரு வருடம் போயிருந்தது.

“ரெண்டு மணி நேரம்.”

“அப்ப செய்ங்க.”

அவர் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இவள் வீட்டுக்குள் பெட்டி கட்டினாள். கட்டிய பெட்டியைப் பிரித்து மறுபடி கட்டினாள். பாத்திரங்களைத் தம்பி வீட்டுக்கு அனுப்பியாயிற்று, பீரோ காலி. சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாக இருந்தன. ஷெட்டிலிருந்து டொக் டொக் என்று சின்னச் சுத்தியல் தட்டும் சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். மூடிக்கு இடையில் வைக்கும் தடித்த காகிதத்தை, விளிம்பில் தட்டித் தட்டி அளவாக வெட்டுவார். பேக்கிங் என்று அதற்குப் பெயர். பிறகு சத்தம் நின்றது. அவள் பத்து முறை ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து டீ கேட்டார்.

“முடிஞ்சுதா?”

“நாளைக்கு ஏத்திடலாம்.”

அந்தப் பதிலை அவள் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. ஏற்றிடலாம் என்ற சொல்லைப் பதினோரு வருடத்தில் முதல்தடவையாகக் கேட்ட சந்தோஷம், வேறு எதையும் கவனிக்க விடவில்லை.

சனிக்கிழமை காலை அவள் தம்பி வந்தான். ஐம்பது வயதைத் தாண்டியவன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். அக்காவுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் அவன் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். தொழில் கொடுத்த வியாதி.

“மாமா, நிஜமாவே கிளம்புறீங்களா?” என்று கேட்டான். கேள்வியில் நம்பிக்கை கொஞ்சம்தான் இருந்தது.

“உங்க அக்கா வீட்டை வித்துட்டாளே.”

“வாடகைக்கு விட்டிருக்கேன்” என்றாள் அவள்.

வேனின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். என்ஜின் ஏற்கெனவே இறக்கி வைக்கப்பட்டிருந்தது. கியர்பாக்ஸ் ஒரு ஆள் கனம். அதைப் பலகையில் வைத்து, தள்ளு ஜாக்கியின் மேல் ஏற்றி, அங்குலம் அங்குலமாக உள்ளே தள்ளினார்கள். கியர்பாக்ஸ்காரர் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டார். அடியில் கிடக்கும்போது அந்த மனிதர் வேறு ஆள். குரலில் பிசிறில்லை, கையில் தயக்கமில்லை. “மாப்ள, இடது பக்கம் ஒரு நூல். அவ்வளவுதான். நிறுத்து.” போல்ட்டுகள் ஒவ்வொன்றாக ஏறின. சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளை மாட்டினார். எல்லாவற்றையும் எண்ணெய் போட்டு, துடைத்து, விரலால் தடவிப் பார்த்துத்தான் மாட்டினார்.

மதியத்துக்குமேல் என்ஜினை ஏற்றினார்கள். கியர்பாக்ஸின் தண்டு, என்ஜினில் இருக்கும் கிளட்ச் தட்டின் பல்லுக்குள் சரியாக நுழைய வேண்டும். நுழையவில்லை. தம்பி தள்ளினான், அது முட்டிக்கொண்டு நின்றது.

“இந்தா, நீ வா” என்றார் கியர்பாக்ஸ்காரர் அடியிலிருந்து. “பின்னால புல்லி இருக்கு பாரு. அதுல ஸ்பேனரைப் போட்டுக் கொஞ்சமாத் திருப்பு. இன்னும் கொஞ்சம். நிறுத்தாத, மெதுவா.”

அவள் திருப்பினாள். உள்ளங்கையில் ஏதோ நழுவி விழுவது போல ஓர் அசைவு வந்தது. என்ஜின் ஓர் அங்குலம் முன்னால் போய் கியர்பாக்ஸோடு ஒட்டிக்கொண்டது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் மூச்சை விட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே கைகளைப் பார்த்தாள், கறுப்பாக இருந்தன. கழுவ மனம் வரவில்லை. அந்தக் கையோடேயே ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டு, தம்பியிடம் திட்டு வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்குள் வேனை ஷெட்டிலிருந்து முற்றத்துக்குத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள், மூக்கு கேட்டைப் பார்த்து. சாமான்கள் உள்ளே ஏறியிருந்தன. கியர்பாக்ஸ்காரர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். தம்பி பக்கத்தில். மைக்கக்கா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் அவள் நெஞ்சுக்குள்ளேயே ஓடுவது போல இருந்தது.

அவர் கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டார். பிறகு, கிளட்சை விடுவதற்கு முன், தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். கண்ணாடியில் ஒருதரம், கழுத்தை வளைத்து ஒருதரம்.

முன்னால் போகிறவர் எதற்குப் பின்னால் பார்க்கிறார் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள், வேன் பின்னால் போயிற்று. நாலு அடி போய், சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் டிரம்மை நசுக்கிக்கொண்டு நின்றது. தம்பியின் கால் இல்லாத பிரேக்கை மிதித்த சத்தம் வெளியே வரை கேட்டது.

“மாமா, ரிவர்ஸ் விழுந்திருக்கு” என்றான் தம்பி.

“ரிவர்ஸ் இல்ல.”

இரண்டாவது கியரைப் போட்டார். டிரம் இன்னும் கொஞ்சம் நசுங்கியது. பிறகு என்ஜினை அணைத்துவிட்டு, கைகளை ஸ்டியரிங்கின் மேலேயே வைத்துக்கொண்டு, “கிரவுன்” என்றார்.

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. மைக்கக்காவுக்குப் புரிந்தது. இருபது வருடம் சாப்பாட்டு மேசையில் தட்டையும் தம்ளரையும் வைத்து அவர் நடத்திய பாடங்கள் கொஞ்சமா நஞ்சமா? இந்த வகை வேனில் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதற்குள் இரண்டு பல்சக்கரங்கள். வேனுக்கு இழுவை கொடுப்பதற்காக வைத்தது, காரில் கிடையாது. அந்த ஜோடி, சுற்றும் திசையைத் தலைகீழாக்கிவிடும். அதனால் கார் கியர்பாக்ஸை வேனுக்குப் போட்டால், உள்ளே இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தை எடுத்து மறுபக்கமாகப் புரட்டி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வேன் நாலு கியரில் பின்னால் போகும், ரிவர்ஸ் கியரில் மட்டும் முன்னால் போகும். பணிமனையில் புதிதாகச் சேருகிறவர்களைச் சிரிக்க வைக்க அவர் சொல்லும் கதையே இதுதான். எவனோ ஒரு மடையன் மறந்து மாட்டினானாம், வண்டி பின்னாலேயே வீடு போய்ச் சேர்ந்ததாம்.

“மறந்துட்டீங்களா மாமா?” தம்பியின் குரலில் பரிதாபம். “பரவாயில்ல. யாருக்கும் வர்றதுதான். திருப்பி இறக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒன்றரை நாள்.”

“பதினோரு மணிக்கு ஆள் வர்றாங்களே.”

மைக்கக்கா கேட்டை விட்டுவிட்டு நேராக ஷெட்டுக்குள் போனாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தட்டித் தட்டி வெட்டிய பேக்கிங், வட்டமாக, போல்ட் துளைகளோடு, புத்தம் புதிதாக. கிரவுனைப் புரட்டுவதற்குக் கழற்ற வேண்டிய பக்க மூடியின் அளவு. அதில் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை.

அவர் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். அவள் அதைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

“இதை வெட்டி?”

“ஆணியில மாட்டி வச்சேன்.”

“ஆணியில மாட்டி வச்சு?”

“மூடியைக் கழட்ட ஸ்பேனரைப் போட்டேன். ஒரு போல்ட் லூசாச்சு.” அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். “மறுபடி டைட் பண்ணிட்டேன்.”

“ஏன்?”

“தெரியல.”

அவள் காத்திருந்தாள். மைக்கை மூடிவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு.

“மறந்துட்டேன்னு சொன்னா பொய். வேணும்னு செஞ்சேன்னு சொன்னாலும் முழுசா உண்மை இல்ல” என்றார். “கை போகல. சனிக்கிழமை நீ புல்லியைத் திருப்பினப்ப சொல்லிடலாம்னு பார்த்தேன். அப்ப நீ சிரிச்ச. எனக்கு வாய் வரல.”

“எதைச் சொல்ல?”

“எனக்குப் போறதுல ஆசை இல்லன்னு. ஏற்பாடு பண்றதுலதான் எனக்கு ஆசை. கட்டில் போடணும், தொட்டி வைக்கணும், அதெல்லாம் எனக்குப் பிடிச்சிருந்தது. இந்த வீட்ல, இந்தக் கட்டில்ல படுத்தாதான் எனக்குத் தூக்கம் வருது. முதல் வருஷமே உங்கிட்ட சொல்லியிருக்கணும். நீ வரைபடத்தை விரிச்சு வச்சு ஊர் ஊரா பென்சில்ல கோடு போட்டுக்கிட்டு இருந்த.”

பதினோரு வருடம். அன்றே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள். பிறகு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தானே பஸ் ஏறியிருப்பாள், கால் வலிக்காத வயதில். இந்த மனிதர் எதையும் மறுக்கவே இல்லை. ஆகட்டும், ஆகட்டும் என்று சொல்லியே அவளை உட்கார வைத்துவிட்டார். நாற்பத்தேழு வயதில் வாங்கிய வண்டி, இப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு.

“நீங்க நல்லவர்னு ஊரே சொல்லுது” என்றாள். “நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவர் அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அடித்திருந்தால்கூட அந்த முகம் அப்படி ஆகியிருக்காது.

தம்பி வெளியிலிருந்தே குரல் கொடுத்தான். “அக்கா, ஒண்ணும் பிரச்சினை இல்ல. ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. வேனை இழுத்துக்கிட்டு வந்து நம்ம டிரைவிங் ஸ்கூல் மைதானத்துல போட்டுடலாம். மாமா நிதானமா வேலை பார்க்கட்டும்.”

நிதானமாக. அவளுக்கு அந்த மைதானம் கண்ணில் தெரிந்தது. அங்கே ஒரு தகரக் கொட்டகை முளைக்கும். அதில் ஆணி அடிப்பார், ஆணியில் பேக்கிங் தொங்கும். தொட்டி நாலாவது முறையாக இடம் மாறும். அவள் தம்பி மனைவியின் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

லாரி பத்தே முக்காலுக்கே வந்துவிட்டது. ஒரு நர்ஸும் அவள் மாமியாரும், கூண்டுக்குள் ஒரு பூனையும். கேட்டுக்குள் லாரி நுழைய முடியவில்லை. வேன் வழியில் நின்றது. மாமியார்க்காரி மைக்கக்காவின் குரலைக் கேட்டதும், “உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேனே. நீங்க டிவியில வந்திருக்கீங்களா?” என்றாள். இன்னொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

“கொஞ்சம் வேனை எடுத்துட்டீங்கன்னா...” என்று நர்ஸ் தயங்கினாள்.

“எடுக்கிறேன்” என்றாள் மைக்கக்கா.

வீட்டுச் சாவியை நர்ஸின் கையில் கொடுத்தாள். இரண்டாவது சாவி கணவரின் சட்டைப் பையில் இருந்தது. கையை விட்டு எடுத்து அதையும் கொடுத்தாள். அவர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. ஷெட்டிலிருந்து அவருடைய டூல் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வேனுக்குள் வைத்தாள். முதுகு விண்ணென்று தெறித்தது. பேக்கிங்கையும் மறக்காமல் எடுத்து, மடங்காமல் மெத்தைக்கு அடியில் வைத்தாள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

“அக்கா, என்ன பண்ற?” தம்பி ஓடிவந்தான்.

“எந்தக் கியர்ல முன்னால போகும்?” என்று அவள் கணவரைக் கேட்டாள். தெரிந்தும் கேட்டாள்.

“ரிவர்ஸ்ல. ஆனா அதுல...”

“போகுமா போகாதா?”

“போகும். இருபதைத் தாண்டாது. கியர் கத்தும்.”

“கத்தட்டும். ஏரிக்கரை மைதானம் பதினாலு கிலோமீட்டர். இந்த மாதிரி வேனை எல்லாம் நிறுத்த விடுறாங்க, தண்ணி இருக்கு, மரம் இருக்கு. ஒன்றரை நாள் வேலையோ ஒன்றரை மாச வேலையோ, அங்க வச்சுப் பாருங்க. இங்க வேண்டாம்.”

“நான் வரலைன்னா?”

இதை அவர் மிரட்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“வரலைன்னா தம்பி வீட்ல இருங்க. நான் கிரவுனைப் புரட்டத் தெரிஞ்ச வேற ஆளைத் தேடிக்கிறேன். உங்களுக்காக நான் இனிமே காத்திருக்க மாட்டேங்க. என்னால முடியாது.”

கிளட்சை மிதித்தாள். கியர்க் குச்சியை ரிவர்ஸில் தள்ளினாள். அது உள்ளே போக முரண்டு பிடித்தது, பிறகு விழுந்தது. கிளட்சை மெல்ல விட்டாள். வேன் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, முன்னால் நகர்ந்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு கேட்டின் இரண்டு தூண்களும் அவளுக்கு இரு பக்கமும் விலகிப் பின்னால் போயின. லாரிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். கியர் நாய் ஊளையிடுவது போலக் கத்தியது. தெருவில் ஜன்னல்கள் திறந்தன.

அவர் வேனுக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். வீட்டுச் செருப்பு, எண்ணெய்க் கறை படிந்த சட்டை. அந்த வேகத்துக்கு நடந்தாலே போதும். “காலைக் கிளட்ச் மேல வைக்காத, எரிஞ்சுடும்” என்றார் ஜன்னல் வழியாக. அவள் காலை எடுத்தாள். “ஆக்ஸிலரேட்டரைச் சீரா வை. அப்படி. அந்தச் சத்தம் பரவாயில்ல. கரகரன்னு வந்தா சொல்லு.” அவர் காதைச் சாய்த்துக்கொண்டே நடந்தார்.

நிறுத்தி ஏற்றிக்கொள்ளலாம் என்று அவள் கால் பிரேக்கைத் தேடியது. நிறுத்தினால் அவர் ஏறுவதற்கு முன் ஒருதரம் அடியில் குனிந்து பார்ப்பார். அடியில் ஏதாவது சொட்டும். காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். கையை நீட்டி மறுபக்கக் கதவின் தாழை மட்டும் திறந்துவிட்டாள். கதவு திறந்தபடி ஆடிக்கொண்டு வந்தது.

தெரு முடிந்து பெரிய சாலை வந்தது. திரும்பியதும் லேசான இறக்கம். வேன் தானாகவே வேகம் பிடித்தது. பக்கத்தில் வந்த தலை பின்தங்கியது, ஜன்னலை விட்டு மறைந்தது. கண்ணாடியில் பார்த்தாள். சாலையோரத்தில் நின்றுவிட்டார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. போகட்டும் என்று நினைத்தாள். நினைத்த வேகத்தில் கண்ணில் நீர் வழிந்து சாலை மங்கியது. அவரைப் பிடிக்காமல் போயிருந்தால் இது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

கண்ணாடியில் மறுபடி பார்த்தபோது அவர் ஓடிக்கொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டிய, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடிப் பழக்கமில்லாத மனிதர். ஒரு செருப்பு கழன்றுவிட்டது. அதை எடுக்கத் திரும்பவில்லை. அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினாள், நிறுத்தவில்லை. திறந்த கதவைக் கை பிடித்தது. அப்புறம் தோள், அப்புறம் முழு ஆளும் இருக்கையில் வந்து விழுந்தார். கதவைச் சாத்தினார், அது சரியாகச் சாத்தவில்லை. திறந்து மறுபடி ஓங்கிச் சாத்தினார்.

வெகுநேரம் அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்து, திட்டிக்கொண்டே முந்திப் போயின. பழக்கமில்லாத கட்டடங்கள் மெதுவாக வந்து மெதுவாகப் போயின. அவர் வெறுங்காலை மறுகாலோடு சேர்த்து ஒடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் முன்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

“எனக்கும்தான்” என்றாள் அவள். வேனை நிறுத்தவில்லை.